சத்தம் போடாத சுற்றுலா

ஊரெல்லாம் நாங்கள் கடலில் குளித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் பின்பக்கத் தோட்டத்தில், துணி அலசும் டப்புக்குள் முங்கிக் கிடந்தார்.

“அலை வருது, அலை வருது” என்று ரகசியக் குரலில் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள் பாப்பா.

“மெதுவா ஊத்துடி, வெளியில கேட்கப்போகுது” என்றேன்.

எல்லாம் இந்த மனுஷனால் வந்த வினை. நாலு நாள் கடற்கரை என்று டிக்கெட் போட்டார். தெருவே கையசைத்து வழியனுப்பியது. ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் தேதி சரி, நேரம் சரி, மாசம்தான் அடுத்த மாசம்!

“அஞ்சாம் தேதின்னு கரெக்டாத்தானே போட்டேன்?” என்று என்னிடமே நியாயம் கேட்கிறார். லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக்கும் பட்டனை வரிசை மாறாமல் மாட்டத் தெரியும். காலண்டரில் ஒரு தாளைப் புரட்டத் தெரியாது.

வேறு எந்த ரயிலிலும் இடமில்லை. அடுத்த மாதம் அவருக்கு லீவு இல்லை.

“திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிடலாம். என்ன, நாலு பேர் சிரிப்பாங்க, அவ்வளவுதானே” என்றேன்.

பாப்பா பெட்டி மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஏற்கெனவே ரெண்டு தடவை இவர் பேச்சை நம்பி வகுப்பெல்லாம் சொல்லிவைத்து, ரெண்டு தடவையும் போகவில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் பேர் ‘புளுகி’.

“இந்தத் தடவையும் போகலைன்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேம்மா” என்று தேம்பினாள்.

“சரி, வீட்டுக்கே போவோம். ஆனா திரும்பி வந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றார் இவர்.

உச்சி வெயிலில் தெரு காலியாக இருந்த நேரம் பார்த்து, சொந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தோம்.

சும்மா சொல்லக்கூடாது, தோட்டத்தில் ஒரே கொண்டாட்டம். துணிக்கொடியில் போர்வையைப் போட்டுக் கூடாரம் கட்டினோம். வீடு கட்டி மிஞ்சிய மணல்தான் கடற்கரை. சாயங்காலம் கபடி, அதுவும் பாடாத கபடி. யார் மூச்சு விட்டது என்று யாருக்கும் தெரியாததால் மூணு பேருமே ஜெயித்தோம். சிரிப்பு வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும்.

ஒரே ஒரு கண்டம், மைக்செட் அக்கா.

பக்கத்து வீட்டு டெய்லர். மைக்செட் என்பது தெரு வைத்த பேர். அவள் காதில் ஒரு விஷயம் விழுந்தால் போதும், ஒரு சட்டைக்குக் காஜா எடுப்பதற்குள் தெருக்கோடி வரை போய்விடும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கவாட்டுக் கதவின் சாவியை நானேதான் அவளிடம் கொடுத்துத் தொலைத்திருந்தேன். மறுநாள் காலையில் அந்தக் கதவு கிறீச்சிட்டபோதுதான் ஞாபகமே வந்தது.

இவர் டப்புக்குள் முங்கினார். பாப்பா மணலில் குப்புறப் படுத்தாள். நான் செம்பருத்திக்குப் பின்னால் பதுங்கினேன்.

அக்கா போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். குழாயைத் திறந்தாள். செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர் முழுக்க என் தலையில்தான். தொப்பலாக நனைந்தும் நான் மூச்சு விடவில்லை. ரெண்டே ரெண்டு செடிக்கு ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

“பார்த்திருப்பாளோ?” என்றேன்.

“பார்த்திருந்தா இந்நேரம் தெருவே நம்ம சுவர் மேல ஏறி நின்னிருக்கும்” என்றார் இவர், காதிலிருந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே.

அதுவும் சரிதான். அடுத்த தடவையிலிருந்து அவள், “செடிங்களா, இதோ வர்றேன்! வந்துட்டேன்!” என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். எங்களுக்கு ஒளிந்துகொள்ள வசதியாகப் போயிற்று.

“ஆள் கிடைக்கலைன்னா செடிகிட்டயும் வம்பு பேசும் போல, பைத்தியம்” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலாம் நாள் விடிவதற்குள் பெட்டியோடு நழுவி, ஸ்டேஷனில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, வாடகைக் காரில் ஜம்மென்று வந்து இறங்கினோம். தெரு கூடிவிட்டது.

எதிர்வீட்டு டீச்சரின் மகள் முன்னால் வந்தாள். பாப்பாவோடு படிக்கிறவள். ‘புளுகி’ என்று பேர் வைத்தவளும் அவள்தான்.

“நீ கடலுக்கே போகல. உங்க வீட்டுப் பின்னாடி உன் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். “போட்டோ எடுத்திருப்பீங்களே, காட்டுங்களேன்.”

இவர் பெட்டியின் பூட்டை ரொம்ப அக்கறையாக ஆராய ஆரம்பித்தார். பாப்பாவின் உதடு துடித்தது.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தொங்கும் டேப்போடு மைக்செட் அக்கா வெளியே வந்தாள். தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“உனக்கு என்னடி சத்தம் கேட்டுச்சு?” என்று அந்தப் பெண்ணை ஓர் அதட்டுப் போட்டாள். “தினம் பின்னாடி போய்த் தண்ணி ஊத்தினது நானு. அங்க ஒரு ஈ காக்கா இல்ல. போட்டோ எதுக்கு டீச்சர்? இந்தப் பொண்ணு தினம் சாயங்காலம் வீடியோ கால் போட்டு எனக்குக் கடலையே காட்டினா. யப்பா, ஒவ்வொரு அலையும் மாடி உயரம்! சொல்லேன்டி தங்கம்!”

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா அத்தை, நீங்ககூடப் பயந்து கத்தினீங்களே!”

மணி அடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, நானும் இவரும் அந்த நாலு நாளும் போனை அணைத்தே வைத்திருந்தோம்.