மூன்றாவது புகார்

“சட்டைப்பையைக் காட்டுடா!”

பம்புக்கடை முதலாளி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த மைத்துனன் பையை வெளியே இழுத்துக் காட்டினான். ஒரு சீப்பும் கசங்கிய பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன.

“போனைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டீங்க. பேனாவையும் பிடுங்கிட்டீங்க. பல்லையும் எண்ணிடுறீங்களா அத்தான்?”

“வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை!”

கடையில் சாமான் வாங்கிய இன்னொருவரின் கார்டிலிருந்து யாரோ பணத்தை உருவியிருந்தார்கள். இது மூன்றாவது புகார். வங்கியிலிருந்து இன்று சோதனைக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் கார்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்குள் திருடனைப் பிடித்துவிட வேண்டும் என்று முதலாளி காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார். பூட்டு மாற்றினார், பாஸ்வேர்டு மாற்றினார், கேமரா வைத்தார். ஒன்றும் சிக்கவில்லை. மிச்சம் இருந்தது மனைவியின் தம்பி ஒருவன்தான்.

“பேங்க்ல இருந்து அந்தம்மா வரட்டும், உன்னை ஒப்படைக்கிறேன். உங்க அக்கா எனக்குச் சோறு போடாட்டியும் பரவாயில்லை.”

மைத்துனனின் முகம் தொங்கிப்போனது. “திருடன்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, எவன் அத்தான் எனக்கு வேலை தருவான்?”

வங்கி அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒயர்களை இழுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எவருடைய கார்டு எண்ணும் சேமிக்கப்படவில்லை. கேமரா மெஷினைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துவிட்டு அலுப்போடு நிமிர்ந்தார்.

“எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. பின்ன எப்படி சார் வெளிய போகுது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன் மேடம்! நம்பரை ஒரு துண்டுச் சீட்டுலகூட எழுத மாட்டேன். போன்ல சொல்லச் சொல்ல நேரா மெஷின்ல அடிச்சிடுவேன்.”

“புகார் கொடுத்த மூணு பேரும் போன்ல ஆர்டர் கொடுத்தவங்களா?”

“ஆமா. பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது யாரு? இதோ, இவன்!”

“போன் அடிச்சாலே என்னைக் குடோனுக்கு விரட்டிடுறீங்களே அத்தான்!”

“ரெண்டாவது புகாருக்கு அப்புறம்தானேடா விரட்டுறேன்!”

“அப்ப மூணாவது?”

முதலாளிக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

அதற்குள் அதிகாரியின் கைப்பேசி அடித்தது. கடைக்குள் இருந்த கூச்சலில் ஒன்றும் புரியாமல், பேசிக்கொண்டே வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் கடை போனும் அடித்தது. முதலாளி கண்ணாலேயே மைத்துனனைக் குடோனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“சொல்லுங்க! ரெண்டு வால்வு, ஒரு மோட்டார். கார்டுதானே? ம்... அஞ்சு, மூணு, ஒம்பது...”

வாசலில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. முதலாளி விடவில்லை. ஒரு எண்கூடத் தப்பாகிவிடக் கூடாது என்று, முழுவதையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். காலாவதி மாதம், பின்பக்க மூன்று எண்கள் எல்லாம் முடிந்து மெஷின் ரசீதைத் துப்பியது.

போனை வைத்தவர் குடோன் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டார். நன்றாகவே சாத்தியிருந்தது. இந்தத் தடவை எதுவும் போயிருக்க முடியாது.

அதிகாரி திரும்பி வந்தார். குடோன் பக்கம் பார்க்கவே இல்லை. முதலாளியின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்தார். நீல மையில், வரிசையாக எண்கள்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டு எழுதினேன் சார், சரியான்னு பாருங்க.”