இருவரும் சேர்ந்து செய்க

"அப்பா பசை தடவணும், அம்மா ஒட்டணும். மாத்திச் செய்யக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்றாள் மூன்றாம் வகுப்பு மாணவி, மேசையின் தலைமாட்டில் நீதிபதி மாதிரி உட்கார்ந்துகொண்டு.

மேசைக்கு இந்தப் பக்கம் அப்பா, லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பக்கம் அம்மா, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நடுவில் பாதி கட்டிய அட்டைப் பாலம். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு சின்ன வாய்ச்சண்டையில் அப்பா நாலு சட்டையை அள்ளிக்கொண்டு வெளியே ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார். கோபம் என்னவோ ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. யார் முதலில் இறங்கி வருவது என்பதில்தான் மீதி மாதங்கள் ஓடின. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

இந்த அழகில் பள்ளிக்கூடம் வேறு அடுத்தடுத்து ப்ராஜெக்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. வகுப்பில் சொல்லச் சொல்ல எழுதியது என்று மகள் கொண்டுவரும் தாளில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'தாய், தந்தை இருவரும் சேர்ந்து செய்க. தனித்தனியாகச் செய்தால் மதிப்பெண் கிடையாது.' மதிப்பெண் என்றால் இருவருக்குமே பயம். எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்து நிற்பார்.

செய்து முடித்ததும் மகள் ஒரு தாளில் 'நான் கற்றுக்கொண்டவை' என்று தலைப்புப் போட்டு எழுதுவாள். அதுவும் ப்ராஜெக்டில் சேர்த்தியாம். முதலில் செய்தது கடிகாரம். 'பெரிய முள் ஒரு சுற்று வந்தால் சின்ன முள் ஓர் எண் நகரும். அந்த ஒரு சுற்று முழுக்க அப்பாவும் அம்மாவும் பேசவில்லை. என்னிடம் சொல்லித்தான் கத்தரிக்கோல் கேட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். அடுத்தது எரிமலை. 'சோடா மாவு இரண்டு கரண்டி போதும். அப்பா சட்டையில் பொங்கினால் அம்மா சிரிக்கிறார்.' மூன்றாவது லிஃப்ட். 'அப்பா சொன்ன அளவு தப்பு. அம்மா சொன்ன அளவும் தப்பு. அடுத்த முறை முதலில் அளந்துவிட்டுப் பிறகு சண்டை போடலாம்.'

இதையெல்லாம் டீச்சர் படிப்பாரே என்று அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மையான கஷ்டம் அது இல்லை. வேலை முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்ட வேண்டும். மகள் வாசல் வரை வந்து நிற்பாள். மாடிப்படி இறங்குவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி என்று நினைத்தாலே தாங்கவில்லை.

அதனால் பாலம் நிமிர்ந்து நின்றதும் விஷயத்தைச் சொன்னார். நாளைக்கு டீச்சரைப் பார்த்து அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொல்லப்போகிறார். இனிமேல் அவர் பங்கை அவர் அறையிலேயே செய்து கொடுத்துவிடுவார். இந்த வீட்டுக்கு வர வேண்டியிருக்காது.

அம்மா பசை பாட்டிலின் மூடியை ரொம்ப நேரம் திருகினாள்.

"பள்ளிக்கூடத்துக்கெல்லாம் எதுக்குப் போறீங்க? பிள்ளைக்குத்தான் கெட்ட பேரு" என்றாள்.

அவர் எதைச் சொன்னாலும் குறுக்கே விழுவது அவள் வழக்கம்தானே என்று விட்டுவிட்டார். மகள் மட்டும், மிஸ் நாளைக்கு லீவாகத்தான் இருக்கும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் டீச்சர் வகுப்பறையிலேயே இருந்தார். குழந்தைகள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நோட்டுப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு, அவரை உட்காரச் சொன்னார். இருந்தது குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார். அலமாரி மேல் கடிகாரம், எரிமலை, லிஃப்ட், அன்று காலையில் வந்த பாலம், நாலும் வரிசையாக இருந்தன. வேறு எதுவும் இல்லை.

மற்ற பிள்ளைகள் செய்ததெல்லாம் எங்கே என்று பேச்சை ஆரம்பித்தார்.

"மத்தவங்க யாரும் செய்யலீங்களே" என்றார் டீச்சர். "வீட்டுக்கு ப்ராஜெக்ட் குடுத்தா பெத்தவங்கதான் உட்கார்ந்து செய்யறாங்கன்னு இந்த வருஷம் நிறுத்திட்டோம். உங்க பொண்ணுதான் ஆசைப்பட்டுச் செஞ்சு எடுத்துட்டு வரா. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. ஆமா, என்ன விஷயமா வந்தீங்க?"

அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த, அந்தக் கடைசி வரி இருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். அதை வெளியே எடுக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொல்லி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷமாகவும் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை தனியாக இழுத்துக்கொண்டிருந்த பாரம் அது.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. மனைவிதான்.

"என்ன சொன்னாங்க?"

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மனைவியிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"அந்த வரியை எடுக்க முடியாதாம். அடுத்தது இன்னும் பெரிசாம். ஒரு ஞாயித்துக்கிழமையில முடியாதாம், நான் ரெண்டு மூணு நாள் அங்கேயே தங்கித்தான் செய்யணும் போலிருக்கு."

எதிர்முனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள் அவள். "அந்தக் கடிகாரம் செஞ்ச மறுநாளே நான் ஹெட்மிஸ்கிட்ட போய்க் கேட்டுட்டேன். அவங்களும் அப்படியே இதையேதான் சொன்னாங்க."