மூடி திறக்காத ஏழு பாட்டில்கள்

பகல் பராமரிப்பு மையத்தின் கூடத்தில் பதினொரு மணி வெயில் ஏழு பிள்ளைகளின் சக்கர நாற்காலிகள் மேல் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாகப் போடுகிறது. தங்கையைச் சீக்கிரம் கூட்டிப்போக வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிடுகிறாள். அலமாரியில் ஏழு தண்ணீர் பாட்டில்கள், காலையில் வீடுகளில் நிரப்பியது நிரப்பியபடி இருக்கின்றன. தங்கையின் உதடு வெடித்திருக்கிறது. நாக்கு அதைத் தடவித் தடவிப் பார்க்கிறது. "ஒம்பது மணிக்கு மேல யாருக்கும் தண்ணி கிடையாதும்மா. வேன்ல ஒண்ணுக்குப் போயிட்டா சீட்டை யாரு கழுவறது? டிரைவர் என் தலையைத்தான் உருட்டுவான்" என்று சிரிக்கிறாள் ஆயா. மேசை மேல் அவளுடைய டீ ஆவி விடுகிறது. "பழகிக்கிச்சுங்க. ஒண்ணுகூட வாயத் திறந்து கேக்கறதில்ல." பேச்சு வராத பிள்ளைகள் எப்படிக் கேட்கும்? அக்காவுக்குக் காது மடல் கொதிக்கிறது. தங்கையின் பாட்டிலை எடுத்துத் திருகுகிறாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. கழுத்து நிற்காத ஒரு பிள்ளை கண்ணை மட்டும் உருட்டுகிறது. தங்கை அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் குடிக்கிறாள். தண்ணீர் கழுத்தில் வழிகிறது. "ஐயையோ, சொன்னா கேளும்மா!" என்று ஆயா ஓடிவருகிறாள். "எல்லாருக்கும் மாத்துத்துணி எடுத்து வைங்க" என்கிறாள் அக்கா, அடுத்த பாட்டிலைத் திருகியபடி.