டேப் என்று பெயர் வைத்தவன்

கல்லூரி முதல்வர் அறையில் இருந்த போலீஸ் உளவுப் பிரிவு அதிகாரி, போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

முஸ்லிம் மாணவர் சங்கச் செயலாளர் குனிந்து பார்த்தான். படத்தில் இருந்தவன் டேப்.

டேப் ரெக்கார்டர் என்பதைச் சுருக்கி அந்தப் பெயரை வைத்ததே செயலாளர்தான். முதல் வருடப் பையன். தொழுகை முடிந்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் போதும், போனை எடுத்து நடுவில் வைத்துவிடுவான். பேசுகிறவன் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்ப்பான்.

போன வருடம் ஒரு சீனியர் விளையாட்டாகச் சொன்னது எப்படியோ போலீஸ் காதுக்குப் போய், அவன் வீட்டில் சோதனை நடந்து, படிப்பே பாழானது. அதற்குப் பிறகுமா ஒரு போலீஸ் உளவாளியிடம் ஏமாறுவார்கள்?

டேப் வந்தால் பேச்சு பரீட்சைக்குத் தாவும். கூட்டத்தை வேறு அறைக்கு மாற்றினார்கள். அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய தொழுகை வரிசையில்கூட அவன் பக்கம் ஓர் ஆள் இடம் விட்டார்கள். தப்பு என்று தெரிந்துதான் விட்டார்கள்.

ஒருநாள் அவன் வருவதையே நிறுத்தினான். தொல்லை விட்டது என்று செயலாளர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

இப்போது அதிகாரி போனை மேசையில் வைத்தார். “யாரோடையும் சேர மாட்டேங்கிறான். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான். இப்படித் திடீர்னு ஒதுங்குறவங்களைத்தான் கவனிக்கச் சொல்லி உத்தரவு. காலையில விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். உங்க சங்கத்தை விட்டு ஏன் விலகினான்?”

யா அல்லாஹ்! அப்படியானால் அவன் இவர்கள் ஆள் இல்லையா?

உங்கள் ஆள் என்று நினைத்து நாங்கள்தான் ஒதுக்கினோம் என்று சொன்னால் பையன் தப்பிப்பான். ஆனால், ஒளிக்கிற அளவுக்கு அங்கே என்னடா பேசினீர்கள் என்று விசாரணை இவன் பக்கம் திரும்பும்.

தெரியாது சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

வாசல் பெஞ்சில் இருந்த பெண் பதறி எழுந்தாள். டேப்பின் அம்மா. முகத்தில் அப்படியே மகன் ஜாடை.

“சங்கத்துத் தம்பிதானே? அவனுக்குக் காது சரியாக் கேக்காதுன்னு உள்ள சொன்னீங்களாப்பா? பேசுறது போன்ல எழுத்தா வந்தாத்தான் அவனுக்குப் புரியும். வகுப்புல வெக்கப்பட்டு வெளியவே எடுக்க மாட்டான். உங்க நடுவுல மட்டும்தான் கூச்சமில்லாம எடுத்து வைக்கிறேன்னு சொன்னான்.”

செயலாளர் முதல்வர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.