முப்பது எண்ணும் வரை

"பதினேழு" என்றான் தருண்.

அவனுடைய குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளிப் பிடித்திருந்தாள் அவள். முப்பது எண்ணும் வரை பிடிக்க வேண்டும். பிறகு அடுத்த கால். எண்ணுவது அவன் வேலை.

செவ்வாய்தோறும் இந்தப் பள்ளிக்கு வருகிற பிசியோ அவள். ஆறாம் வகுப்பை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த அறை. அதில் ஒரு பாய், ஒரு பெரிய ரப்பர் பந்து, ஒரு பதிவேடு. கதவில் 'பயிற்சி மையம்' என்று எழுதியிருந்தது.

வாசலில் தருணின் சக்கர நாற்காலி வெறுமனே நின்றது.

சுவரோரம் அவன் அம்மா. பக்கத்தில் சின்னவன் மித்ரன், தரையில் உட்கார்ந்து சாக்பீஸ் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு ஐந்து வயது முடிகிறது.

பிசியோவின் முழங்கால் பட்டுப் பந்து உருண்டது.

பிடிக்க எழுந்தான் மித்ரன்.

சட்டென்று எழவில்லை.

முதலில் குப்புறத் திரும்பினான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கினான். ஒரு கை முழங்காலைப் பிடித்தது. இன்னொரு கை தொடையைப் பிடித்தது. தன் காலையே பற்றி ஏறி நிமிர்ந்தான்.

பிறகு சிரித்துக்கொண்டே ஓடினான்.

தருண் பதினெட்டு சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்பில் தருணும் இப்படித்தான் எழுந்தான். அதைப் பார்த்துத்தான் இவள் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தசை கரையும் நோய் என்று எழுதி வந்தது. ஆண் பிள்ளைகளுக்கு வருவது. அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் இருக்கலாம் என்று, மடியில் இருந்த மித்ரனுக்கும் ஒரு பரிசோதனைச் சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். கொழுகொழுவென்று இருந்த குழந்தைக்கு எதற்கு ஊசி என்று அம்மா அதை மடித்துவைத்துவிட்டாள்.

இவளும் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் இதே அறையில்தான் மித்ரன் தவழ்ந்தான், நடந்தான். பார்க்கத் தெரிந்த கண் இவளுக்கு இருந்தது. பயத்தில் பார்க்காமலே இருந்தாள்.

போன வருடம் தருண் எழுவது அடியோடு நின்றது.

பதிவேட்டில் இரண்டே கட்டங்கள். 'முன்னேற்றம்', 'அதே நிலை'. வாரா வாரம் தேய்கிற பிள்ளைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. அவள் இரண்டாவதில் டிக் போடுவாள். ஒவ்வொரு தடவையும் பேனாவை வீசி எறியலாம் போலிருக்கும்.

அம்மா மட்டும் முன்னேற்றத்தைக் கண்டாள். தருணின் கெண்டைக்கால் உருண்டு திரண்டு வந்தது. தினமும் நல்லெண்ணெய் தேய்த்த பலன் என்று நம்பினாள். அது பலம் இல்லை, தசை போன இடத்தில் கொழுப்பு வந்து அடைகிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள் இவள். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய், கண் பட்டுவிடக் கூடாதென்று, அந்தக் கெண்டைக்காலில் ஒரு மைப்பொட்டு இருந்தது.

பொட்டு அழியாமல் காலைப் பிடிக்க இவள் பழகிக்கொண்டாள்.

"அண்ணன் முன்ன எந்திரிச்சதப் பாத்து அப்படியே பண்றான் டீச்சர்" என்று அம்மா சிரித்தாள். "பெரியவன் திட்டித் தீத்துருவான், என்ன மாதிரி பண்ணாதடான்னு."

தருண் இன்று திட்டவில்லை.

பந்து அறையின் மூலைக்குப் போயிருந்தது. மித்ரன் முதுகைக் காட்டிக் குனிந்தான். அரை டவுசர். வயதுக்கு மீறித் திரண்ட கெண்டைக்கால்கள்.

வலது காலில் ஒரு மைப்பொட்டு.

"இவனுக்கும் சேத்துத்தான் தேய்க்கிறேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அத்தனை பெருமை.

இப்போதே சொல்லியாக வேண்டும். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாமல் இவள் தருணின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

மித்ரன் தண்ணீர் கேட்டான். அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வாசலில் ஒரே ஒரு படி. அதில் இறங்க அவன் அம்மாவின் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

அறையில் இருவர் மட்டும்.

தருண் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டுப் பாத்தேன் டீச்சர். மூணு நாள் பாத்தேன். அண்ணன் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போதும் அவன் அப்படித்தான் எந்திரிக்கிறான்."

அவனுக்குப் பதினோரு வயது. அவள் செய்திருக்க வேண்டிய பரிசோதனையை அவன் பாயில் படுத்தபடி செய்து முடித்திருக்கிறான்.

"அம்மாட்ட நான் சொல்லல" என்றான்.

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. மித்ரன் எதற்கோ சிரித்தான். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

தருண் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தான். பாதி வரைதான் வந்தது. அவளே துடைத்துவிட்டாள்.

"பதினெட்டு" என்றான், வாசல் வரை கேட்கும்படி.

"பத்தொம்பது."