பூமணி அம்மாள் ஏற்றிய விளக்கு

பூமணி அம்மாள் அன்று சொன்னதை நான் பல வருடங்களாக நம்பவில்லை. பொய் என்று சொல்லவும் துணிவு வரவில்லை.

அவர் மகள் ராஜினி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்திலிருந்து தனி ஆளாக வந்து ஞானஸ்நானம் எடுத்தவள். வாராவாரம் பிள்ளைகளைப் பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வைப்பாள். தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் கட்டளையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்வாள்.

"ஏன் டீச்சர், இது மட்டும் ரெண்டு தடவை?"

"இதுதான் சீக்கிரம் மறந்துபோகும்," என்பாள்.

அவளைப் பற்றித்தான் புஷ்பவல்லி ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொன்னாள். ராஜினி இருக்கும் அதே அடுக்குமாடியில் குடியிருப்பவள்.

"அங்கிள், டீச்சர் வீட்டுல தினமும் சாமி விளக்கு எரியுது. டீச்சர்தான் ஏத்துறாங்க போல லா."

"நீ பாத்தியா?"

"ஜன்னல்ல நிழல் தெரிஞ்சுது. அம்மாவும் மகளும்தானே அந்த வீட்டுல. நான் யார்கிட்டயும் சொல்லல, அங்கிள்."

அடுத்த ஞாயிறுக்குள் சபை முழுவதற்கும் தெரிந்திருந்தது.

வேறு தெய்வம் கூடாது என்பது முதல் கட்டளை. அதை மீறுகிறவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவாள்? நேரில் போய்க் கேட்டு வரும்படி சபைக் குழு என்னையும் கமலநாதனையும் அனுப்பியது. பதில் சரியில்லை என்றால் ராஜினிக்கு ஞாயிறு பள்ளி இல்லை.

கமலநாதன் சுற்றி வளைக்கவில்லை. கூடத்து மூலையில் இருந்த சாமி படங்களைக் காட்டிக் கேட்டார்.

"அந்த விளக்க யாரும்மா ஏத்துறது?"

ராஜினி வாயைத் திறந்தாள். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூமணி அம்மாள் முந்திக்கொண்டார்.

"நான்தான் தம்பி கொளுத்துறனான். அது என்ரை சாமி. அவள் கிட்டவும் வாறேல்லை."

"அம்மா..."

"நீ பேசாமல் இரு, பிள்ளை. பெரிய ஆக்கள் கதைக்கிறம்."

ராஜினி தலை குனிந்துகொண்டாள். பிறகு எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள்.

படியிறங்கும்போதே கமலநாதன் நிம்மதியாகிவிட்டார். "முடிஞ்சது லா. அந்தம்மா சாமி, அந்தம்மா விளக்கு. மகள் பாவம்."

எனக்கு அது முடியவில்லை. பூமணி அம்மாள் கோப்பையை இடது கையால் வாங்கியதைப் பார்த்திருந்தேன். வலது கை கடைசிவரை மடியில், ஒரு துண்டுக்கு அடியிலேயே கிடந்தது. பக்கவாதத்தில் விழுந்த கை என்று பிறகு தெரிந்தது. அந்தக் கை தீக்குச்சி உரசுமா? உரசாது என்றால் ராஜினி ஏன் வாயை மூடிக்கொண்டாள்? அம்மா சொன்னதற்காகவா, ஞாயிறு பள்ளி போய்விடும் என்றா?

யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் அவள் வகுப்பில் கட்டளை சொல்லும் சத்தம் கேட்டாலே எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும்.

போன வாரம் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ராஜினிய சபைக்கு மூப்பர் ஆக்கலாமான்னு பாக்கிறோம். நீங்க சரின்னா சரி. மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஞாயித்துக்கிழம சொல்றேன், பாஸ்டர்."

இனியும் தள்ளிப்போட வழியில்லை. நேற்று சாயங்காலம், கொட்டுகிற மழையில், ஒரே ஒரு கேள்வியோடு அந்த வீட்டுக்குப் போனேன். விளக்கை ஏற்றுவது யார்?

பூமணி அம்மாள்தான் சுவரைப் பிடித்து நடந்துவந்து கிரில் கதவைத் திறந்தார்.

"வாங்கோ தம்பி. பிள்ளை இன்னும் வரேல்லை. வேலை தூரத்திலை, கிள்ளான்லயெல்லோ."

நான் உட்காருவதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. இடது கைக் கட்டைவிரலால் அதை அமுக்கி மேசையில் வைத்தார். ராஜினியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அம்மா, மழையில ரோடு அசையவே மாட்டேங்குது. வர ரொம்ப நேரம் ஆகும். நீங்க கவலப்படாதீங்க, வந்ததும் முதல் வேலையா விளக்க நான்..."

"சபைத் தம்பி வந்திருக்கிறார்," என்றார் பூமணி அம்மாள் அவசரமாக.

பிறகு கைப்பேசிப் பக்கம் குனிந்தார்.

"விளக்கு நான் கொளுத்திப்போட்டன். நீ ஆறுதலா வா."

"அங்கிள் கேக்கிறாரா? அங்கிள், நான் அன்னிக்கே உங்ககிட்ட சொல்ல..."

பூமணி அம்மாள் கைப்பேசியை அணைத்துவிட்டார்.

"மழைக்கு ஒண்டும் விளங்குதில்லை," என்றார்.

மூலையைப் பார்த்தேன். விளக்கு துடைத்து வைத்திருந்தது. எண்ணெய் ஊற்றி, புதுத்திரி போட்டிருந்தது. எரியவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் ராஜினி செய்துவைத்தது. பிள்ளைகளை இரண்டு தடவை சொல்ல வைத்ததை அவள் வீட்டில் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறாள். தன் மகளைக் கோயிலிலிருந்து கூட்டிக்கொண்டு போன சபையில் அவள் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமென்று, இந்த அம்மாள் தன் சாமிக்கு முன்னாலேயே பொய் சொல்லியிருக்கிறார். இப்போதும் சொல்கிறார்.

எத்தனையோ வருடமாக நெஞ்சில் கிடந்த கல் எப்போது இறங்கியதென்று தெரியவில்லை. பாஸ்டருக்குச் சொல்லவேண்டிய பதில் மட்டும் தெரிந்துவிட்டது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பூமணி அம்மாளின் கண் ஜன்னலுக்கும் மூலைக்குமாகப் போய்ப் போய் வந்தது.

"தம்பி ஏதோ கேக்க வந்தனீங்கள் போல?"

"ஆமாம்மா," என்று எழுந்தேன். "தீப்பெட்டி எங்க இருக்கு?"