தீச்சுவரில் கடுகளவு வெளிச்சம்

தார்ப்பாயால் மூடிய விமானக் கூட்டுக்குள், பட்டப்பகலில் கும்மிருட்டில் குந்தியிருக்கிறார் பாண்டித்துரை. திருப்புல்லாணித் தகரக் கொட்டகையைக் கச்சான் காற்று படபடவென அடிக்கிறது. அவர் சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கான எஞ்சின் லாரியில் பரமக்குடியைத் தாண்டிவிட்டது. எஞ்சினில் பற்றும் தீ இருக்கைப் பக்கம் வராமல் தடுக்கிற எவர்சில்வர் தகடு முகத்துக்கு நேரே நிற்கிறது. வயர் போகும் ஓட்டைகளைச் சிவப்புப் பசையால் அடைத்தாயிற்று. எங்காவது இடுக்கு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, தகட்டின் மறுபக்கம் மனைவி சண்முகவள்ளி டார்ச் அடித்து மெல்ல நகர்த்துகிறாள். இந்த விமானத்தில் ஏறுவேன் என்று இதுநாள்வரை அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. “வெளிச்சம் தெரியுதா?” “இல்ல, சீக்கிரம் நகத்து.” அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. தூரத்து ஹாரனுக்கெல்லாம் காது விடைத்துக்கொள்கிறது. வலது கீழ்மூலையில் கடுகளவு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. முணுமுணுத்தபடி பசையை அப்புகிறார். “அடைச்சாச்சு, வா.” “இன்னொருக்கா பாருங்க.” “போதும் வள்ளி. அது காலி சீட்டுப் பக்கந்தான்.” டார்ச் அங்கேயே நிற்கிறது. “காலி சீட்டா? அப்ப நான் எங்கன காலு நீட்டி உக்கார?” வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. அவர் கால் ஆடவில்லை. இருட்டில் அந்த மூலையை விரலால் தடவிப் பார்க்கிறார். “இன்னொருக்கா அடி வள்ளி, டார்ச்ச.”